ஊசியில் இல்லை ஆண்மை!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

'ஆண்மை' என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கண்ட பொருள் வீரம், ஆளும் திறம், எடுத்த காரியத்தை முடிக்கும் உறுதி. அந்தச் சொல்லை இன்று நாம் எங்கே காண்கிறோம்? பேருந்து நிலையத்துச் சுவரில், கட்டணக் கழிப்பிடத்தின் கதவில், இரயில் பாதையோரத்து மதிலில் காண்கிறோம். அதற்கு அருகிலேயே, 'சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கலாம்' என்று மற்றொரு விளம்பரமும் நிற்கும். மாதத்தில் இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்ற விவரமும் கீழே இருக்கும்.

இவ்விரண்டு விளம்பரங்களும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று எண்ணிவிட வேண்டாம். சர்க்கரை நோயாளியான ஆண்களில் பலர் சோர்வாலும் இல்லற வாழ்வின் தளர்ச்சியாலும் வாடுகிறார்கள், அதை வெளியே சொல்ல மாட்டார்கள் என்பதைச் சுவரில் எழுதுபவன் நன்றாக அறிவான். 1954ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. நீரிழிவைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரத்தையும், ஆண்மைக் குறைவைப் போக்குவதாகச் சொல்லும் விளம்பரத்தையும் தடை செய்வது அந்த ஒரே சட்டம்தான். எழுபது ஆண்டுகள் கடந்தும் சுவர்கள் மட்டும் மாறவில்லை!

பழைய இலேகியத்தின் இடத்தை இப்போது ஒரு புதிய ஊசியும் பிடிக்க வருகிறது. அதன் பெயர் டெஸ்டோஸ்டீரோன். 'சர்க்கரை நோயாளிக்கு இந்த ஹார்மோன் குறைந்துவிடுகிறது. ஆகவே இதை ஏற்றினால் சர்க்கரையும் இறங்கும், தெம்பும் ஏறும்' என்பது வாதம். கேட்பதற்கு இனிக்கிறது. உண்மையா என்று ஆராய்வதும், நம் ஊர் ஆண்களுக்கு உண்மையில் வேண்டுவது எது என்று சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சேவலில் தொடங்கிய கதை

நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றி நாம் வகுப்பில் படிக்கும் பாடத்தின் தொடக்கமே ஒரு சேவல்தான். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் அறிஞர் இளஞ்சேவல்களின் விந்தகங்களை நீக்கினார். கொண்டை சுருங்கியது; கூவல் நின்றது; சண்டைக் குணமும் போயிற்று. விந்தகத்தை மீண்டும் வயிற்றுக்குள் பொருத்தியபோது, நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலேயே, சேவல் மறுபடியும் சேவலாயிற்று. இரத்தத்தின் வழியே ஏதோ ஒரு பொருள் செல்கிறது என்பது அன்று புலப்பட்டது.

அறிவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே ஆசையும் பிறந்துவிடுகிறது. 1889இல் பிரௌன் செக்கார் என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர், தம் 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்குத் தாமே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். அந்த நீர்ச்சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கவே முடியாத அளவு சொற்பம் என்று பின்னால் தெரிந்தது. அவருக்கு வந்த தெம்பு நம்பிக்கையால் வந்த தெம்பு! ஆயினும் அதற்குள் அந்த 'அமுதம்' பல நாடுகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. உண்மையான டெஸ்டோஸ்டீரோன் பிரித்தெடுக்கப்பட்டது 1935இல்தான். அதைச் செயற்கையாக உருவாக்கிய புடெனன்ட், ருசிக்கா ஆகிய இருவரும் 1939இன் வேதியியல் நோபல் பரிசுக்கு உரியவர் ஆயினர்.

இந்த வரலாற்றை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஹார்மோனைப் பொறுத்தவரை, சோதித்து அறியும் முன்னரே விற்கத் தொடங்குவது புதிய பழக்கம் அன்று.

சர்க்கரைக்கும் ஹார்மோனுக்கும் என்ன உறவு?

உறவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2004இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பரேஷ் தண்டோனா என்னும் இந்திய வம்சாவளி மருத்துவரின் குழுவினர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களைச் சோதித்து, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டீரோன் குறைந்திருப்பதைக் கண்டனர். நம் நாட்டில் நீரிழிவின் பரப்பு எவ்வளவு? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்கிறது. தமிழகத்தில் அது 14.4 விழுக்காடு; அதாவது வயது வந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவர்! இவ்விரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, இது நாலு பேருடைய அந்தரங்கச் சிக்கல் அன்று என்பது விளங்கும்.

எது எதனால் வருகிறது? இங்கேதான் கவனம் தேவை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பில் அரோமட்டேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டீரோனைப் பெண்பால் ஹார்மோனாகிய எஸ்ட்ரடியோலாக மாற்றுகிறது. அதைக் கண்ட மூளை, 'ஹார்மோன் போதும்' என்று எண்ணிப் பிட்யூட்டரியின் ஆணையைக் குறைத்துக்கொள்கிறது, விந்தகம் சோம்புகிறது. ஆக, தொந்தி ஹார்மோனைக் குறைக்கிறது. மறுபுறம், ஹார்மோன் குறைந்தால் தசை இளைக்கிறது, கொழுப்பு பெருகுகிறது. நாம் உண்ணும் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் பெரிய வாடிக்கையாளர் தசையே அல்லவா? தசை இளைத்தால் இன்சுலின் எவ்வளவு கூவினாலும் கேட்பாரில்லை. ஆக, குறைந்த ஹார்மோன் சர்க்கரையை ஏற்றுகிறது. செக்கு மாடு போல ஒன்றை ஒன்று சுற்றி வருகிற கதை இது.

சுழலில் சிக்கியவனை எந்தப் பக்கத்திலிருந்து இழுத்துக் கரை சேர்ப்பது? ஹார்மோனை ஏற்றுவதா, தொந்தியைக் குறைப்பதா?

இரு பெரும் சோதனைகள்

இந்தக் கேள்விக்கு அண்மைக் காலத்தில் இரண்டு பெரிய ஆய்வுகள் விடை தேடின.

முதலாவது ஆஸ்திரேலியாவில் நடந்து 2021இல் வெளியானது. 50 முதல் 74 வயது வரையுள்ள 1007 ஆண்கள். அனைவரும் இடுப்பு பருத்தவர்கள். நீரிழிவின் வாசலில் நின்றவர்கள், அல்லது அப்போதுதான் உள்ளே காலடி வைத்தவர்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உண்டு. பாதிப் பேருக்கு அதோடு டெஸ்டோஸ்டீரோன் ஊசி. மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வெற்று ஊசி பெற்றவர்களில் 21 விழுக்காட்டினர் நீரிழிவு நிலையில் இருந்தனர். மருந்து பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரே இருந்தனர். ஊசிக்காரர்கள் காட்டும் ஆதாரம் இதுதான். ஆனால் அவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. மருந்து பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டி, இரத்தம் கெட்டிப்பட்டது. வெற்று ஊசிக்காரர்களில் அது 1 விழுக்காடு. மேலும், இருசாராரும் உணவையும் உழைப்பையும் சீர்செய்துகொண்டே ஊசியையும் போட்டுக்கொண்டனர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது அமெரிக்காவில் நடந்தது. 'டிராவர்ஸ்' என்பது அதன் பெயர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். 45 முதல் 80 வயது. இதய நோய் உள்ளவர்கள் அல்லது வரக்கூடியவர்கள். அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகள். அனைவருக்கும் ஹார்மோன் குறைவு உறுதி செய்யப்பட்டிருந்தது. ஊசிக்குப் பதிலாகத் தோலில் தடவும் களிம்பு கொடுக்கப்பட்டது. 2023இல் வந்த முடிவின்படி மாரடைப்பு, பக்கவாதம் முதலியன கூடவில்லை. அதுவரை இருந்த பெரிய அச்சம் ஒன்று நீங்கிற்று. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுதல், நுரையீரல் இரத்தக் குழாய் அடைப்பு, சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பு ஆகியவை மருந்து பெற்றவர்களிடம் சற்று மிகுந்திருந்தன. எலும்பு முறிவும் மிகுந்திருந்ததாக 2024இல் தெரிய வந்தது. சர்க்கரை? அதே 2024இல் வந்த முடிவு தெளிவாகச் சொல்கிறது: இந்த மருந்து நீரிழிவு வருவதைத் தடுக்கவும் இல்லை, வந்தவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாட்டை மேம்படுத்தவும் இல்லை.

அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2018இலேயே தன் நெறிமுறையில் இதைக் கூறிவிட்டது. நீரிழிவு உள்ள ஆணுக்கு ஹார்மோன் குறைந்திருந்தாலும், சர்க்கரையைக் குறைப்பதற்கென்று டெஸ்டோஸ்டீரோன் கொடுக்க வேண்டாம் என்பது அதன் பரிந்துரை.

மருந்து யாருக்கு?

அப்படியானால் இம்மருந்து வீணா? அவ்வாறு சொல்வது அறிவியலுக்கு நேர்மை ஆகாது. தைராய்டு குறைந்தவருக்குத் தைராக்சின் கொடுப்பது போல, உண்மையான குறைவும் அதன் அறிகுறிகளும் சேர்ந்து இருப்பவருக்கு இது தேவையான மருந்தே. ஏழை என்பதற்காக அவருக்கு அது மறுக்கப்படவும் கூடாது. ஆனால் குறைவு என்பதை யார் முடிவு செய்வது? லாட்ஜ் அறையில் நாடி பார்ப்பவரா? முகம் வாடியிருப்பதைக் கண்ட மருந்துக் கடைக்காரரா?

இரத்தச் சோதனைதான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் காலை வேளையில், வெறும் வயிற்றில். ஒரு நாள் குறைந்திருந்தால் இன்னொரு நாள் மறுபடியும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் ஏறி மாலையில் இறங்குவது. தூக்கம் கெட்டாலும் இறங்கும். 2011இல் சிக்காகோவில், நல்ல உடல்நிலையில் இருந்த பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க விட்டுச் சோதித்தார்கள். அவர்களுடைய ஹார்மோன் அளவு 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது. விடிய விடியத் தறி ஓட்டிவிட்டு, இடையில் நான்கு முறை சர்க்கரை போட்ட தேநீரும் குடித்துவிட்டு வரும் நம் ஊர்த் தொழிலாளி ஒருவரை மறுநாள் மாலையில் சோதித்தால் அறிக்கை என்ன சொல்லும்? அவருக்கு முதலில் வேண்டியது ஊசியா, உறக்கமா?

இன்னும் ஒன்று. நீரிழிவு நோயாளியின் இல்லறத் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் ஹார்மோன் குறைவு அன்று. சர்க்கரையால் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதுபடுவதே. இதயத்தின் குழாய்கள் அடைபடப் போவதற்கு அது ஒரு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பது மருத்துவர்கள் அறிந்தது. அப்படிப்பட்ட எச்சரிக்கை மணியை வெட்கத்தால் மூடி மறைத்துவிட்டு, பெயர் தெரியாத பொடியை வாங்கி உண்பது எவ்வளவு ஆபத்து! 'மூலிகை' என்ற பெயரில் விற்கும் சில பொருள்களில் சில்டெனாபில் என்னும் அலோபதி மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் அதை அறியாமல் உண்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு வரலாம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். தறிக் கூலியில் மிச்சம் பிடித்து, வேற்றூரில் லாட்ஜுக்கு வந்த ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கினார். 'இதை உண்ணும் நாள்வரை இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம்' என்றது அறிவுரை. மூன்றே மாதத்தில் கால் புண் ஆறாமல் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. அவர் பறிகொடுத்தது பணத்தை மட்டும் அன்று. மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்ற உண்மையை இன்றுவரை தம் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. மருத்துவர்களும் 'மறந்துவிட்டேன்' என்ற பதிலையே பெற்றார்கள். ஏமாற்றியவனுக்குப் பாதுகாப்பாக நிற்பது ஏமாந்தவரின் வெட்கம்தான்!

யாரிடம் சொல்வது?

நம் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறார்கள். என் தந்தையார் நாள் தவறாமல் மாத்திரை உண்பது இத்திட்டத்தால்தான். ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவர். ஆகவே குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் பெண்கள். பெரும்பாலும் அதே பகுதியில் வாழ்பவர்கள். 'அக்கா' என்றும் 'மதினி' என்றும் அழைக்கப்படுபவர்கள். அவர்கள் கையால் மாத்திரை வாங்கிக்கொள்ளும் ஆண், தன் உள்ளத்துக் குறையை அவர்களிடம் எப்படிச் சொல்வார்? மருத்துவமனையிலோ, பின்னால் முப்பது பேர் நிற்கும் வரிசையில் மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்? லாட்ஜ் வைத்தியர் வெற்றி பெறுவது எதனால்? அவரிடம் ஒரு தனி அறை இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, 'என்ன அண்ணாச்சி, எத்தனை நாளாய் இந்தச் சிரமம்?' என்று அவர் கேட்கிறார். கேட்பதற்கு ஆள் இருப்பதுதான் அவருடைய மருந்து, மற்றதெல்லாம் பொடி!

ஆகவே என் கருத்து இது. தொற்றா நோய்ப் பிரிவுகளில் வாரத்தில் ஒரு நாளாவது ஆண்களுக்கென ஒரு மணி நேரம், கதவு சாத்திய ஓர் அறையில், ஓர் ஆண் மருத்துவரோ செவிலியரோ இருக்க வேண்டும். கால் மரத்துப் போகிறதா, கண் மங்குகிறதா என்று கேட்பதைப் போலவே, 'இல்லற வாழ்வில் ஏதேனும் சிரமம் உண்டா?' என்று அவரே கேட்டுவிட வேண்டும். அறிகுறி உள்ளவருக்கு மட்டும் காலை நேரச் சோதனை செய்தால் போதும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு கேள்வியும் ஒரு கதவும் போதும்.

நடந்தால் வழி பிறக்கும்

தொந்தியைக் குறைப்பதா, ஹார்மோனை ஏற்றுவதா என்ற கேள்விக்கு நம் தமிழ்நாடே ஒரு விடை வைத்திருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் விரைநடையும் உணவுச் சீரமைப்பும் மேற்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான். நடையையும் மாத்திரையையும் சேர்த்தபோதுகூட அதற்குமேல் பலன் கூடவில்லை. காசில்லாத நடை, மருந்துக்குச் சமமாக நின்றது!

உடல் எடையைக் கணிசமாகக் குறைப்பவர்களுக்கு அவர்களுடைய சொந்த டெஸ்டோஸ்டீரோனே உயர்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, சுழலின் தொந்திப் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் ஹார்மோனும் கூடவே கரையேறுகிறது. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்றனர் பெரியோர். இன்றைய நீரிழிவு நோயாளி எண்ணெயையும் அளந்துதான் ஊற்ற வேண்டும். ஆகவே காய்கறிக்காரருக்கும் கீரைக்காரருக்கும் கொடுக்கட்டும்!

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இது நம் தந்தையர் தலைமுறையின் சிக்கல், நமக்கென்ன என்று நண்பர்கள் எண்ணலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை ஏற்றுவதற்கென இதே ஹார்மோனை இரகசியமாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இளைஞரிடையே பரவி வருவதை நாம் அறிவோம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திக்கொள்ளும். விந்தகம் வேலையை விட்டுவிடும். விந்தணு உற்பத்தி குன்றும், சிலருக்கு அறவே நிற்கும். விட்ட பிறகும் அது திரும்ப மாதங்கள் ஆகலாம். ஆண்மையைக் கூட்டப் போய்த் தந்தையாகும் தகுதியை அடகு வைப்பது எவ்வகை அறிவு? பெர்த்தோல்டின் சேவல் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்தால் போதாது.

நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீட்டுக்கு வரும் மருந்துச் சீட்டையும், இரத்தப் பரிசோதனைத் தாளையும் எழுத்துக் கூட்டிப் படித்து விளக்கப் போகிறவர்கள் நாம்தான். படிப்பு நமக்குத் தந்த அந்த இடத்தை நாம் வீணாக்கக் கூடாது. தந்தையின் சீட்டில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்வதோடு நிற்காமல், 'அப்பா, டாக்டரிடம் தனியே பேச வேண்டியது ஏதேனும் உண்டா? நான் வெளியே நிற்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தை லாட்ஜ் வைத்தியரின் ஒரு வாடிக்கையாளரைக் குறைக்கும்.

ஆண்மை குப்பியில் அடைத்து விற்கப்படும் சரக்கு அன்று. தன் உடலில் உள்ள குறையை உரியவரிடம் கூசாமல் எடுத்துச் சொல்வதும், சொன்ன பின் நாள்தோறும் நடப்பதும், நாவை அடக்குவதும் ஆண்மையே. அதற்கு ஊசி தேவையில்லை, துணிவு போதும். அந்தத் துணிவை முதலில் நாம் பெறுவோம். பிறகு நம் தெருவுக்கும் தருவோம்!